சாயநீர் கலந்த கிணறு: நிறம் போனாலும் உப்பு போகாது

ஆரணிப் பட்டுக்குத் தறி மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை வேகவைத்து, இப்பசையை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுவர்.

கமண்டல நாகநதி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. வறண்ட மணலில் விடும் கழிவுநீர், நீர்த்துப்போக வழியின்றிக் கீழிறங்கிக் கரையோரக் கிணறுகளை அடையும்.

நிறத்தை நம்ப வேண்டாம்

படிகாரம் சேர்த்தால் சாயம் பெருமளவு படிந்துவிடும். கரைந்துள்ள சோடியமோ நீரிலேயே தங்கும். இந்நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகிக் களராகும்.

இதற்கு நொய்யலே சான்று. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. அந்நீரைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பட்டறையில் செய்ய வேண்டியவை

* வேகவைத்த நீரையும் சாயத்தொட்டி நீரையும் அலசும் நீருடன் கலக்கக்கூடாது. அளவில் குறைந்த அவற்றில்தான் அழுக்கு மிகுதி. அவற்றைத் தனியே சேர்த்துச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும்.
* கடைசி அலசல் நீரை அடுத்த நூலின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம்.

உழவர் செய்ய வேண்டியவை

* கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து உடனே மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும்.
* எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி சமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 2.5-ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சுவது தகாது. ஒவ்வொரு மில்லி சமனைக் குறைக்கவும், ஏக்கருக்கு ஓர் அங்குல உயர நீருக்குச் சுமார் 9 கிலோ தூய ஜிப்சம் தேவை.
* நிலம் களராகிவிட்டால், மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடிக்க வேண்டும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும். திருச்சி 1 நெல் களரைத் தாங்கும்.

வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை. முதலில் வடிகால் வெட்டுங்கள்.