வீட்டின் விலையில் சேராத கட்டணங்கள்

பெங்களூருவில் வீடோ மனையோ வாங்க முனைவோர் அதன் விலையையும், பதிவுச் செலவையும், வங்கிக் கடனின் மாதத் தவணையையும் தவறாமல் கணக்கிடுகின்றனர். குடிநீர், கழிவுநீர், சாலை போன்ற வசதிகளுக்காக நகர அமைப்புகள் ஒருமுறை வசூலிக்கும் கட்டணங்கள் மட்டும் பலருடைய கணக்கில் விடுபட்டுப் போகின்றன. சேமிப்பு முழுவதும் செலவான பின்னர் இக்கட்டணங்களுக்கான கோரிக்கை வரும்போது குடும்பம் திகைத்து நிற்கிறது. இவை ஏன் வசூலிக்கப்படுகின்றன என்பதை அறிந்துகொண்டால் முன்கூட்டியே ஆயத்தமாகலாம்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அருகில் பேராறு எதுவும் இல்லை. ஒரு காலத்தில் ஏரிகளும், பின்னர் ஹெசரகட்டா, திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கங்களும் நகரின் தாகத்தைத் தீர்த்தன. 1964இல் குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியம் அமைக்கப்பட்டது; 1974இல் காவிரி நீர் நகரை வந்தடைந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு இறைத்து ஏற்றப்படும் நீர் இது. ஆகவே, நகரம் விரியும் ஒவ்வொரு முறையும் புதிய குழாய்களுக்கும் இறைப்பு நிலையங்களுக்கும் பெருமுதலீடு தேவைப்படுகிறது.

2007இல் மகாதேவபுரா, பொம்மனஹள்ளி, எலகங்கா உள்ளிட்ட ஏழு நகரசபைகளும், கெங்கேரி பட்டணசபையும், 110 கிராமங்களும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அக்கிராமங்களுக்கெனத் திட்டமிடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொள்ளளவுடன், 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அங்குக் குடியேறியோர் பலர் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பி வாழ்ந்தனர்.

இம்முதலீட்டை யார் ஏற்பது? அனைவரின் மாதக் கட்டணத்திலும் சேர்த்தால் பழைய குடியிருப்பாளர்கள் புதிய பகுதிகளுக்காகச் செலுத்த நேரிடும். புதிதாக இணைப்புப் பெறுவோரிடம் மட்டும் வசூலித்தால், வீட்டுக் கடனைச் சுமக்கத் தொடங்கும் வேளையில் அவர்கள் மீது கூடுதல் பாரம் விழும். முன்னர் அந்த எட்டு உள்ளாட்சிப் பகுதிகளுக்கான குடிநீர்த் திட்டத்தில், பயனாளர் மூலதனப் பங்களிப்பு என்ற பெயரில் வீட்டு உரிமையாளர்களிடம் முன்னதாகவே பணம் பெறப்பட்டது. பணம் செலுத்திய பிறகே பலர் நீருக்குக் காத்திருந்தனர்.

இங்கே வரிக்கும் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. வரி பொதுச் செலவுக்கு உரியது. கட்டணம் ஒரு சேவையுடன் தொடர்புடையது. அன்றைய சென்னை மாகாணத்தின் அறநிலையச் சட்டம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இல் இவ்வேறுபாட்டை விளக்கியது. பைசாவுக்குப் பைசா ஈடு காட்டத் தேவையில்லை எனப் பிந்தைய தீர்ப்புகள் தளர்த்திய போதிலும், கட்டணத்திற்கும் சேவைக்கும் பொதுவான தொடர்பு இருக்க வேண்டும் என்ற கருத்து நிலைத்துள்ளது. எனவே, எந்தச் சேவைக்காக எத்தொகை என்று கேட்பது வாடிக்கையாளரின் நியாயமான உரிமையே.

செலுத்தும் தொகைகளை மூவகையாகப் பிரித்துக் கொள்வது நலம். முதலாவது, திரும்பப் பெற இயலாத ஒருமுறைக் கட்டணம்: குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கான கட்டணங்களும், மாநகராட்சியின் மேம்பாட்டுக் கட்டணமும் இதில் அடங்கும். இரண்டாவது, வைப்புத் தொகை: மின் இணைப்புக்கான காப்பு வைப்புக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி வட்டி உண்டு. மூன்றாவது, தொடர் செலவு: சொத்து வரியும் மாதக் கட்டணங்களும். 2014க்குப் பின் உயர்த்தப்படாதிருந்த குடிநீர்க் கட்டணம் 2025 ஏப்ரலில் உயர்ந்தது.

வாங்குமுன் சிலவற்றை உறுதி செய்து கொள்ளுங்கள். சொத்து மாநகராட்சியின் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்று பாருங்கள். பி காத்தா எனில், விதிமீறலோ நிலுவையோ இருக்கக்கூடும். கடன் பெறுவதிலும் இடர் நேரலாம். காத்தா வரி செலுத்துவதற்கான பதிவேயன்றி உரிமைப் பத்திரம் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க. குடிநீர் இணைப்புக்குரிய கட்டணத்தைக் கட்டுநர் செலுத்திவிட்டாரா, விலையில் அது அடங்கியுள்ளதா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள்.

முத்திரைக் கட்டணத்தையும் பதிவுச் செலவையும் வீட்டின் மதிப்புடன் சேர்த்துக் கடன் வழங்கலாகாது என்பது, பத்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வீடுகள் நீங்கலாக, ரிசர்வ் வங்கியின் விதி. அவற்றுக்கும் மேற்கூறிய கட்டணங்களுக்கும் கைவசம் தனித்தொகை வைத்திருப்பதே பாதுகாப்பு.

செலுத்திய ஒவ்வொரு ரசீதையும் பத்திரங்களுடன் பேணுங்கள். கிராமப் பஞ்சாயத்தாக இருந்த பகுதி 2007இல் மாநகராட்சிக்குள் வந்தது; அம்மாநகராட்சியும் 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்தது. அலுவலகம் மாறும்போது, முன்பு செலுத்திய பணத்திற்குச் சான்றாக உங்கள் கையில் இருப்பது அந்த ரசீதே.