எத்தன் வேடம்

சென்ற பள்ளி விடுமுறையில் என் தமக்கையின் மகன் சில நாட்கள் எம்முடன் தங்கியிருந்தான். பதினேழு வயது, அதிகம் பேசாத சுபாவம். ஒருநாள் மாலை அவன் கணினித் திரையின் முன்னே கன்னத்திற் கைவைத்தபடி நெடுநேரம் அசையாதிருப்பதைக் கண்டு, கணக்கேதும் விளங்காமற் தவிக்கின்றானோ என்றெண்ணி அருகே சென்று பார்த்தேன். திரையிற் கணக்கில்லை. பன்னிரண்டு வகை மாந்தரின் பெயர்கள் அங்கே வரிசையாக நின்றன. அவர்களுள் ஒருவராகத் தன்னைத் தெரிந்துகொண்ட பின்னரே ஆட்டம் தொடங்குமாம்.

போர்வீரன் இருந்தான், மந்திரவாதி இருந்தான், தெய்வத்தின் அருளாற் புண்ணை ஆற்றும் குருவும் இருந்தான். இவர்களையெல்லாம் கடந்து, தோலாடை பூண்டு குறுவாள் ஏந்திய ஒருவன்மேல் அவனுடைய தெரிவு நிலைத்தது. ஆங்கிலத்தில் அவனுக்கு 'றோக்' என்று பெயர்.

"இத்தனை பேர் இருக்க, கள்ளனையா தெரிந்தெடுத்தாய்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "மாமா, மற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள். பூட்டிய கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறவன் இவன் ஒருவன்தான்" என்றான்.

அந்த மறுமொழி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பிள்ளைகள் திரையின் முன்னே காலத்தைக் கழிக்கின்றனர் என்று குறைகூறும் நாம், அங்கே அவர்கள் யாராக இருக்க விரும்புகின்றனர் என்று கேட்டதுண்டா? வீரனாகவும் ஞானியாகவும் இருக்க வாய்ப்பிருந்தும் ஒரு நல்ல பிள்ளை கள்வன் வேடத்தை விரும்புவது ஏன்? இக்கேள்வி இலக்கிய மாணவனுக்கும் உரியதே என்பது என் கருத்து.

பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என இவ்வகையைத் தமிழிற் குறிப்பிடலாம். நாடகத்தில் நடிகன் பிறர் எழுதிய வசனத்தைப் பேசுகின்றான். இங்கே ஆடுபவன் ஒரு பாத்திரத்தின் ஆற்றலையும் குறைபாட்டையும் மாத்திரமே பெற்றுக்கொள்கின்றான்; அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் அவனே தீர்மானிக்கின்றான். என் மருமகன் ஆடியது, பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனத்தார் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' என்பது. அதன் விதிகளோ கணினியிற் பிறந்தவை அல்ல. மேசையைச் சுற்றிலும் நண்பர்கள் அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடிய 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் அமெரிக்க ஆட்டத்தினின்றும் வந்தவை.

கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய அவ்வாட்டம் 1974 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முதல் நூல்களில் மூன்றே வகையினர் இருந்தனர்: போர்வீரன், மந்திரவாதி, குரு. பலம், அறிவு, பக்தி ஆகிய மூன்றுக்கும் இடமிருந்தது, கள்வனுக்கு இடமிருக்கவில்லை. அடுத்த ஆண்டிலே, 'கிரேஹோக்' என்னும் அனுபந்த நூலில், அவன் நான்காமவனாக வந்து சேர்ந்தான். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு 'கள்வன்' என்ற பெயரே அவ்வகைக்கு வழங்கியது. 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேதான் அது 'றோக்' என மாறிற்று. தமிழில் இதற்கு 'எத்தன்' என்ற சொல் பொருந்தும். களவு ஒரு தொழிலின் பெயர். எத்து ஒரு புத்தியின் பெயர். 'எத்தனுக்கு எத்தன்' என்று நாம் சொல்லும்போது, குரலிற் சிறிது மெச்சுதலும் கலந்துவிடுகின்றதன்றோ?

அந்தக் கள்வன் எத்தகையவனாகப் படைக்கப்பட்டான் என்பது கவனிக்கத்தக்கது. 1981 ஆம் ஆண்டில் வெளியான அடிப்படை விதிநூலை எடுத்துக்கொள்வோம். வீரனின் உயிர்வலியை அளக்க எட்டு முகப் பகடை. கள்வனுக்கோ நான்கு முகப் பகடை. தோற்கவசத்தை விட வலிய கவசம் அவனுக்கில்லை, கேடயமும் இல்லை. தொழிலிலாயினும் வல்லவனோ என்றால், முதற்படியில் நிற்கும் கள்வன் ஒரு பூட்டைத் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் 15. பொறியொன்றைச் செயலிழக்கச் செய்யும் வாய்ப்பு நூற்றுக்குப் 10. நிழலில் ஒளியும் வாய்ப்பும் அதுவே. சுவரேறுவதில் மாத்திரம் நூற்றுக்கு 87. ஆக, அவன் தொடக்கத்தில் ஒரு கற்றுக்குட்டி, எளிதிற் சாகக்கூடியவன். அவ்வேடத்தைத் தெரிந்தெடுத்தவன் எளியவனாக வாழ்ந்து பார்க்கவே உடன்பட்டவன் ஆகின்றான்.

இவனுடைய பூர்வீகம் இலக்கியமே. தம் ஆட்டத்துக்குத் தூண்டுதலாயிருந்த நூல்களைக் கைகாக்ஸ் 1979 ஆம் ஆண்டில் ஒரு பட்டியலாகத் தந்தார். ஃபிரிட்ஸ் லைபர், ஜக் வான்ஸ், டொல்கீன் ஆகியோர் அதில் இடம்பெற்றுள்ளனர். லைபரின் 'கிரே மௌஸர்' என்னும் சிற்றுருவக் கள்வன் 1939 ஆம் ஆண்டிலேயே சஞ்சிகைக் கதையில் உலவத் தொடங்கியவன். வான்ஸின் கியூகல் 1966 ஆம் ஆண்டு நூலில் வரும் தந்திரசாலி. தன் தந்திரத்தாற் தானே இடர்ப்படுபவன். டொல்கீனின் 'த ஹொபிட்' 1937 ஆம் ஆண்டு நவீனம். அதிலே பில்போ என்னும் வீட்டுப் பறவையை, களவில் வல்லவன் என்று சொல்லி, ஒரு கூட்டத்தார் அழைத்துச் செல்கின்றனர். கதையின் முடிவை அண்டி, தன் தோழர்கள் தேடிய அரும்பெருங் கல்லை அவன் மறைத்து வைத்து, போரைத் தடுக்கும் பொருட்டு எதிர்த்தரப்பாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கின்றான். அக்கதையில் அவன் செய்த மிகப்பெரிய களவே அவன் செய்த மிகப்பெரிய நன்மையுமாகும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் 'றோக்' என்ற சொல்லே ஒரு சரித்திரம் சொல்லும். இங்கிலாந்தில் 1572 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று ஊர்சுற்றிகளையும் வலிய உடம்போடு இரந்து திரிவோரையும் இப்பெயராற் சுட்டியது. அவர்களுக்குச் சவுக்கடியும், காதிற் சூடிட்டுத் துளைத்தலும் தண்டனை. பிரபு ஒருவரின் ஆதரவின்றி ஊரூராய்ச் சென்ற கூத்தாடிகளையும் அதே சட்டம் அதே வகையிற் சேர்த்தது. வேடம் புனைந்து ஆடியவனே அந்நாளிற் சட்டத்தின் கண்ணுக்கு எத்தன்! அதற்குச் சற்று முன்னர், 1554 ஆம் ஆண்டில், ஸ்பானிய மொழியில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'லாசரில்லோ' என்னும் கதையிலே, குருவானவர் ஒருவர் உரொட்டியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகின்றார். அவரிடம் வேலைசெய்யும் சிறுவன் பசி தாங்காமல், அவ்வழி வந்த ஒருவனிடமிருந்து அதற்கொரு சாவி பெறுகின்றான். பெட்டியைப் பூட்டியவர் சமூகத்தில் மதிப்புக்குரியவர், திறந்தவன் எத்தன். வாசகனின் நெஞ்சோ திறந்தவன் பக்கம் சாய்கின்றது.

ஒருவனைக் கள்வன் என்று சொல்பவர் யார் என்ற கேள்வியைத் தமிழ் மாணவனுக்கு விளக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலே, களவுத் தொழிலுக்குரிய துணைகள் எட்டு என்று விரித்துரைப்பவன் பொற்கொல்லன். மந்திரம் முதலாகக் கருவி ஈறாக அவன் அவற்றை எடுத்தோதுவதைக் கேட்டோர் மயங்குகின்றனர். கோவலனுக்கோ அந்நூலின் ஓரெழுத்தும் தெரியாது. தெரிந்தவனும், சிலம்பைக் கவர்ந்தவனும், பழி சுமத்தியவனும் ஒருவனே. கள்வன் என்ற பெயர் குற்றவாளியின் வாயிலிருந்து புறப்பட்டுக் குற்றமற்றவனின் தலையில் விழுந்தது. பெயர் வேறு, செயல் வேறு என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுமோ?

இப்பாடத்தை மனத்திற் கொண்டு அன்று மாலை மீண்டும் அந்தத் திரையைப் பார்த்தேன். எத்தன் வேடம் ஆடுபவனிடம் எதனைக் கேட்கின்றது? முதலாவது, பொறுமை. பகைவன் முன்னே சென்று மார்தட்டி நிற்க அவனுக்கு வலுவில்லை. காவலன் எப்பக்கம் பார்க்கின்றான், விளக்கொளி எவ்வளவு தூரம் விழுகின்றது என்று நோக்கியே அவன் அடியெடுத்து வைக்க வேண்டும். 1998 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தீஃப்' என்னும் ஆட்டம் இதனையே தன் முழுப்பொருளாகக் கொண்டது. கம்பளத்தில் நடந்தாற் காலடியோசை மெலிதாகவும், கற்றரையில் நடந்தால் உரத்தும் கேட்கும். நீர் நிறைந்த அம்பெய்து தீவட்டியை அணைக்கலாம். அதன் மிகக் கடினமான படியில் மனிதரைக் கொல்லலாகாது என்பது விதி. கையிலே படைக்கலம் இருந்தும் கொலை செய்யாது மீள்வதே அங்கே திறமையின் உச்சம்.

இரண்டாவது, துணை. இதுவே எனக்கு வியப்பளித்தது. எத்தன் தனியன் என்று நாம் எண்ணுவோம். 'பால்டர்ஸ் கேட் 3' இல் அவனுடைய தனி ஆற்றல் 'மறைதாக்கு' என்பது. பகைவன் அறியாதிருக்கையிலோ வேறுவகையில் ஏமாந்திருக்கையிலோ அது கைகூடும். அன்றேல், தோழன் ஒருவன் அப்பகைவனை நெருங்கி நிற்றல் வேண்டும். தொடக்கத்தில் ஓர் ஆறுமுகப் பகடையின் அளவே மேலதிகமாகத் தாக்கும் அவ்வாற்றல், பதினோராம் படியில் ஆறு பகடையாக வளர்கின்றது. ஆனால் அந்த நிபந்தனை மாறுவதில்லை. வீரன் முன்னே நின்று அடிவாங்க, அவன் தந்த இடைவெளியில் எத்தன் தன் வேலையை முடிக்கின்றான். தோழனைக் கைவிட்ட எத்தனுக்குத் தன் ஆற்றலிற் பெரும்பகுதி இல்லாமற் போகின்றது.

"இதெல்லாம் சரி, களவைக் கற்பிக்காதோ?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நேர்மையாக விடையிறுப்பதாயின், இவ்வாட்டங்களிற் குற்றம் சொல்ல இடமுண்டு. பலவற்றிலே, உலகை மீட்க வந்த உத்தம வீரன் ஊரார் வீட்டினுள் நுழைந்து, பானையையும் பெட்டியையும் திறந்து, கிடைத்ததை எல்லாம் பையிற் போட்டுக்கொண்டு போகின்றான். வீட்டுக்காரர் அருகே நின்றும் வாய்திறப்பதில்லை. அவனை எவரும் கள்வன் என்று அழைப்பதில்லை, அவன் கதாநாயகன்! பொருளுக்கு உடையவன் இல்லாத உலகிற் களவு என்ற எண்ணமே பிறவாது. நான் அஞ்சுவது எத்தனைக் கண்டல்ல. எடுப்பது தவறென்றே அறியாத இந்த உத்தமனைக் கண்டே. எத்தன் வேடம் பூண்டவனுக்குத் தான் செய்வதன் பெயராவது தெரியும்.

என் மருமகன் ஆடியதில் உடையவர் உள்ள பொருள்கள் சிவப்புக் குறியோடு தோன்றுகின்றன. பிறர் காண எடுத்தாற் கூச்சல் எழும், காவலர் வருவர். ஆயினும் அதற்கும் தப்புவழி உண்டு. ஆட்டத்தை ஓரிடத்திற் சேமித்து வைத்தவன், அகப்பட்டதும் அந்த இடத்துக்கே திரும்பிப் போய், நிகழ்ந்ததை நிகழாததாக்கிவிடலாம். எனவே, தண்டனை அங்கே நல்லாசிரியன் அல்லன். எஞ்சுவது ஆடுபவனின் மனம் ஒன்றே.

அவன் ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் இரவு மீண்டும் அருகிலிருந்து பார்த்தேன். திரையில் ஓர் இருண்ட வீடு. அவனுடைய எத்தன் பூட்டொன்றின் முன்னே குந்தியிருந்தான். பகடை உருண்டது, முதன்முறை தவறிக் கருவி ஒடிந்தது, இரண்டாம் முறை பூட்டுத் திறந்தது. உள்ளே சில பொற்காசுகளும் ஒரு மோதிரமும் சிவப்புக் குறியோடு கிடந்தன. காவலர் இல்லை, காண்பாரும் இல்லை. அவன் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, எதனையும் தொடாது வெளியேறினான்.

"இத்தனை பாடுபட்டுத் திறந்துவிட்டு ஏன் எடுக்கவில்லை?" என்றேன்.

"அந்த வீட்டுக்காரரோடு பகல்தான் கதைத்தேன், மாமா" என்றான்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை அணைக்க மறவாதே என்று மாத்திரம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.