ஒரே புயல், மூன்று கட்டுரை

பள்ளித் தேர்வில் ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக’ என்று கேட்பார்கள். முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் வினாத்தாளிலேயே இருக்கும். சுவரை வினாத்தாள் எழுப்பிவிடும். மாணவருக்குப் பூச்சுவேலைதான் மிச்சம். கல்லூரியில் வெறும் தலைப்பு மட்டும் வரும்போது கை நின்றுவிடுகிறது.

‘தனுஷ்கோடிப் புயல்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. பாலம் 46 நாளில் சீரானது, ஊர் எழவில்லை.

இதைக் காலவரிசையில் எழுதுவது எளிது. ஆனால் எல்லாச் செய்தியும் ஒரே கனத்தில் நிற்கும். ‘ஊர் ஏன் எழவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள், வரிசையே மாறுகிறது. ரயிலும் கப்பலும்தான் அந்த ஊரின் பிழைப்பு. தண்டவாளம் போயிற்று, பிறகு கப்பல் ராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டது, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசும் அறிவித்தது. 1914க்கு இங்கே ஒரு வரி போதும்.

மூன்றாவது வழி, பாலத்தையும் ஊரையும் ஒப்பிடுவது. பாலத்தைப் பற்றி முழுதும் சொல்லிவிட்டு ஊருக்கு வரலாம். அல்லது சேதம், தேவை, யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றிலும் இரண்டையும் அருகருகே வைக்கலாம். என் ஓட்டு பின்னதற்கே. முன்னதில், ஊருக்கு வருவதற்குள் பாலம் மறந்துபோகும்.

ஆக, முதலில் வேண்டியது கேள்வி. அமைப்பு அதன் பின்னால் வரும். அதனால்தான் முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்வேன். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் எழுதும் முன்னுரையில் ‘பண்டைக் காலம் தொட்டே’தான் வரும்.

‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று: எடுப்பாகத் தொடங்கிப் போகப்போக மெலிவது. தேர்வுக்கூடக் கட்டுரைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். வலுவான செய்தி முதல் பத்தியிலேயே தீர்ந்திருக்கும்.

இதுபோன்ற குறைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் சாரத்தையும் ஓரத்தில் ஒரே வரியில் குறித்து, அந்த வரிகளை மட்டும் படியுங்கள். ஒரே வரி இரு இடத்தில் வந்தால் அந்தப் பத்திகளைச் சேர்க்கலாம். ஒரு பத்திக்கு இரண்டு வரி தேவைப்பட்டால் அதைப் பிரிக்கலாம். ஒரு வரியும் தேறாத பத்தியை அடித்துவிடலாம், நடை எவ்வளவு அழகாக இருந்தாலும்.