சருமம் என்னும் கோட்டை

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டில் நடைபெற்றது. முத்துக்குளிப்போர் மணிக்கணக்கில் உப்புநீரில் மூழ்கி எழுந்தும், கடல் அவர்கள் உடலுள் புகவில்லை. அதைத் தடுத்து நின்றது மேல்தோலின் வெளிப்படலம். எழுதும் காகிதத்தினும் மெல்லிய அதில் இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும், கொழுப்பு சாந்தாகவும் அமைந்துள்ளன.

இக்கோட்டைக்குள் நுழைய வல்லவை எவை? கொழுப்புடன் இணங்கும் சிறு மூலக்கூறுகளே. மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு மேற்பட்டால் பழுதற்ற தோலைக் கடப்பது அரிது என்று 2000ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சியாளர் ஒரு விதி வகுத்தனர். கப்பற் பிரயாணிகள் குமட்டலைத் தவிர்க்கக் காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபொலமின் மருந்துப் பட்டை 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்மருந்தின் எடை 303; ஆதலால் மூன்று நாட்கள் சிறிது சிறிதாக ரத்தத்தில் கலக்கிறது. விளம்பரங்களில் முழங்கும் கொலாஜனின் எடையோ ஏறக்குறைய 3,00,000! நம் கடல் தந்த முத்தும் பெரும்பாலும் நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டே. அதன் பொடி முகத்துக்கு மினுமினுப்புத் தரலாம். உள்ளே சென்று நிறத்தை மாற்றாது.

பூசும் இடத்தைப் பொறுத்தும் பலன் வேறுபடும். ஹைட்ரோகார்டிசோன் மருந்து முன்கையைவிட நெற்றியில் 6 மடங்கு ஊறுவதை 1967இல் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது.

ஆகவே முகத்தில் எதைப் பூசுகிறோம் என்பது அற்ப விஷயமன்று. நிறத்தைத் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் சில சிவப்பழகுக் களிம்புகளில் அதைக் கலக்கிறார்கள். அந்தப் பாதரசம் கோட்டையைக் கடந்து சிறுநீரகத்தை அடைகிறது. கேரளத்தின் மலப்புரம் ஜில்லாவிலுள்ள கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகிப் புரதம் கசியும் நோயுற்ற 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் குணமடைந்தனர்.

கண்ணுக்கிடும் பூச்சுகள் நீங்கலாக, மற்ற அழகுப் பொருள்களில் தற்செயலாய்ச் சேரும் பாதரசமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாதென்பது நமது நாட்டின் 2020ஆம் ஆண்டு விதி. செய்தவர் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத களிம்பைச் சகோதரிகள் வீட்டுக்குள் விடலாகாது. உப்பளத்து வெயிலில் உழைப்போருக்கு அவர்கள் கருமை இயற்கை தந்த குடை. அதைக் குறையென்று கருதிச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பது எவ்வளவு பேதைமை!