போகிறேன் என்ற பிள்ளை

திசையன்விளைப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் 'விளை' என்னும் சொல் அடிக்கடி காதில் விழும். மரங்கள் நிற்கும் புஞ்சை நிலத்திற்கு இச்சீமையில் விளை என்று பெயர். விளைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், வேலைக்குப் போகிறார் என்பதே பொருள். அப்படிச் சொல்லிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டால் பனையிலிருந்து பதநீர் தானாக இறங்கி வராது.

ஆதலால் மத்தேயு சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்துச் சிறு கதையொன்று இந்நாட்டாருக்கு வியாக்கியானமின்றியே விளங்கும். ஒரு தகப்பனுக்கு இரண்டு புதல்வர். இன்று நம் தோட்டத்தில் வேலை செய் என்று மூத்தவனிடம் சொன்னான். மூத்தவன் முடியாதென்று மறுத்தான். பின்பு மனம் வருந்திப் போனான். இளையவன் மரியாதையாகத் தலையசைத்து ஒப்புக்கொண்டான், ஆனால் போகவில்லை. தகப்பன் சித்தப்படி செய்தவன் யார் என்று இயேசுநாதர் கேட்டார். கேட்டது ஆலயத்துப் பெரியோர்களை. அதில்தான் கதையின் கூர்மை இருக்கிறது. வழிபாட்டில் குறைவைக்காத அவர்களுக்கு முன்னே, ஊரார் இகழ்ந்த ஆயக்காரரும் வேசியரும் தேவராஜ்யத்தில் பிரவேசிப்பார்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

திருநெல்வேலிச் சபை இவ்விருவரில் எந்தப் பிள்ளை? முதலூர் என்னும் கிறிஸ்தவக் கிராமம் 1799-இல் உண்டாயிற்று. திசையன்விளைக்கு அருகிலுள்ள இடையன்குடிக்குக் கால்டுவெல் 1841-இல் வந்து சேர்ந்தார். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் பெருகின. ஞாயிறுதோறும் மணி தவறாமல் ஒலித்தது. ஆனால் வெளியூர்களில் ஊழியம் செய்வது சீமையிலிருந்து வந்த துரைமார் பாடு, அதற்குப் பணம் அனுப்புவது சீமையிலுள்ளோர் பாடு என்றே பலர் இருந்துவிட்டனர்.

இது வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் மனத்தை உறுத்தியது. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நூறாண்டுப் பழமை பேசும் நம் சபை ஒருவரையாவது அனுப்பியதுண்டா என்று வெட்கமுற்றார். மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டது 1906-இல் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்!

1904-இல் சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் முதல் ஊழியராக நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். இன்று அவ்வூர் தெலங்கானாவில் இருக்கிறது. அக்காலத்தில் திருநெல்வேலியாருக்கு அது அயல் நாடு, பாஷையும் தெலுங்கு.

அசரியாவோ சங்கத்தின் காரியதரிசி. கடிதம் எழுதுவதும், கூட்டங்களில் பேசுவதும், பிறரைப் போகச் சொல்வதும் அவர் கடமை. அந்தக் கடமையோடு அவர் நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் பிறரைப் போகச் சொல்கிறவனும் போகவேண்டியவன்தானே என்ற கேள்விக்கு அவர் 1909-இல் விடையளித்தார். குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளுடன் தோர்ணக்கல்லுக்கே குடிபோனார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே.

மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. எனினும் கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி கேட்பதை எதிர்த்தவரும் இதே அசரியாதான்.

தோர்ணக்கல்லில் அவர் வகுத்த ஒரு முறையை நாம் பெரிதாக மதிக்கிறோம். ஞானஸ்நானம் பெற்றவர்கள், பெரும்பாலும் நிலமற்ற கூலிக்காரர், எழுத்தறியாதவர், தீண்டத்தகாதவரென்று ஊராரால் ஒதுக்கப்பட்டவர். அவர்கள் தம் தலைமேல் தாமே கைவைத்து, தான் பெற்ற நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் தனக்குக் கேடு என்று உறுதி கூறுவார்கள். படிப்பு முடியட்டும், பணம் சேரட்டும் என்ற தவணைக்கு அங்கே இடமில்லை. அன்றைக்கே வேலை தொடங்கிற்று.

1945 ஜனவரி முதல் தேதி அசரியா காலமானார். பனைமரம் நிற்கும் தம் பிறந்த ஊருக்கு அவரை யாரும் கொண்டுவரவில்லை. தோர்ணக்கல்லிலேயே அடக்கம் செய்தார்கள்.