படர்தாமரைக்கு மருந்து போடும் முறை

நெற்பயிரில் குலைநோயை உண்டாக்குவது ஒரு பூசணம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நம் தோலில் வருகிற படர்தாமரையும் பூசண நோய்தான். வேர்வையும் ஈரமும் தங்குகிற தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் இது சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

வட்டமான தடமே இதன் அடையாளம். நடுவில் ஆறினது போலத் தெரியும். ஓரம் மட்டும் தடித்து, செதில் விட்டு அரிக்கும். பூசணம் மும்முரமாக வளர்வது அந்த ஓரத்தில்தான்.

இதற்குக் குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு நல்ல மருந்து. இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காலை மாலை இரு வேளையும் மெல்லிசாகத் தடவ வேண்டும். தடத்தின் மேல் மட்டுமல்ல, ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கும் தடவுங்கள்.

"அதான் அரிப்பு நின்னு போச்சே, இனி மருந்து எதுக்கு?" என்று பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் பூசணம் மறுபடி கிளம்பிவிடும். தடம் மறைந்த பிறகும் 2 வாரம் விடாமல் போடுங்கள்.

கடையில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்கும். பூசணமோ உள்ளுக்குள் பரவும், தோலும் மெலிந்து வரிவரியாகிவிடும். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதி செய்தது. பயிருக்கு அடிக்கும் பூசணக்கொல்லி, மண்ணெண்ணெய் இவற்றைத் தோலில் தடவவே கூடாது.

நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். துண்டு, உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அரைஞாண் கயிற்றிலும் பூசணம் தங்கும், கழற்றிவிடுவது நல்லது. வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் இருவருக்கும் சேர்ந்தே வைத்தியம் செய்ய வேண்டும். கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு வட்டமாக இருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

தலையிலோ நகத்திலோ வந்தாலும், உடம்பெங்கும் பரவினாலும் களிம்பு மட்டும் போதாது. அவர்களும், சர்க்கரை வியாதிக்காரர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைக் கேட்டே மருந்து எடுக்க வேண்டும்.