உங்களுக்குத் தெரியுமா? மண்ணெண்ணெயில் ஓடிய இறைப்பு இயந்திரங்கள்

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவை சுண்ணக்கற் பாறையில் தோண்டிய கிணறுகளை நம்பியே விளைவதால், உள்நாட்டுப் போரின்போது இலங்கை அரசு விதித்த 1990களின் பொருளாதாரத் தடை பெற்றோலை அரிதாக்கியபோது, கமக்காரர் தம் நீரிறைக்கும் இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பயிரைக் காத்தனர்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர்.

இம்முறையால் எழும் பழுதுகள் மூன்று:

• எரிபொருளையும் காற்றையும் கலக்கும் உறுப்பான காபரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கினால், ஆறிய எஞ்சின் மறுநாள் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் இயங்காது. தேங்கியதை வடித்துவிட வேண்டும்.

• முழுமையாக எரியாத எரிபொருளின் கரி, தீப்பொறி தரும் பிளக்கின் முனையில் படிந்து பொறியை மங்கச் செய்யும். அதைச் சுரண்டித் துடைத்து, முனைகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

• எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி, உராய்வைத் தணிக்கும் எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதால் உள்ளுறுப்புகள் தேயும். எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே காப்பு.

இன்று பெற்றோலில் ஓடும் சிறு உழவு இயந்திரம் இயங்க மறுத்தாலும், முதலில் பார்க்க வேண்டியவை பிளக்கும் காபரேற்றருமே ஆகும்.